புரட்டாசி வெயில்... ஏமாந்துவிடாதீர்கள்!

"அக்னி நட்சத்திரத்தையே ஜம்முனு தாண்டி வந்துட்டேன். இந்த வெயில் என்னை என்னடா பண்ணிடும்?"

இப்படிக் கேட்டவர் என் அப்பா. மதுரைக்காரர். அப்போது வயது எழுபத்து நான்கு. ரிடையர் ஆன பிறகும் காய்கறி வாங்குவதிலிருந்து கரண்ட் பில் கட்டுவதுவரை எல்லாம் அவர்தான். ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை; மற்றபடி ஆள் கெட்டி.

சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டு ஏற்பாடெல்லாம் பலமாக இருக்கும். கூடத்து மூலையில் மணல் பரப்பி, அதன்மேல் மண்பானை. உள்ளே வெட்டிவேர். காலை பதினோரு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் நீர்மோர். அதன்பிறகு நாலு மணிவரை அப்பாவை அம்மா வாசல்படி தாண்ட விடமாட்டார். ஆடிக் காற்று அடித்து, ஆவணியில் நாலு தூறல் விழுந்ததும் பானை கொல்லைப்புறம் போய்விடும். குடை பரண்மேல் ஏறிவிடும். வெயில் காலம்தான் முடிந்துபோச்சே!

அந்த வருஷம் முடியவில்லை. ஆவணிக் கடைசியிலேயே வானம் வெளுத்துவிட்டது. புரட்டாசி பிறந்தும் ஒரு துண்டு மேகம் இல்லை. முதல் சனிக்கிழமை. அப்பா வெறும் காப்பியோடு விரதம். பத்தரை மணிக்குப் பெருமாள் கோயில் வரிசையில் போய் நின்றவர், ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, "சாப்பாடு அப்புறம் பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டார். சாயங்காலம் அம்மா எழுப்பியபோது, அம்மாவை என் அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

"தம்பி, அப்பாவுக்குப் பேச்சு குழறுதுப்பா. எங்க இருக்கோம்னே தெரியாம பேசுறாரு..."

அம்மா போனில் சொன்னபோது, டாக்டரான எனக்கே பக்கவாதம் என்றுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. உடம்பில் நீர் குறைந்திருந்தது. உப்பு, அதாவது சோடியம், அதைவிட மோசமாகக் குறைந்திருந்தது. வியர்வை ஒரு பக்கம், விரதம் ஒரு பக்கம், நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றும் பிரஷர் மாத்திரை இன்னொரு பக்கம். மூன்றும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிட்டன.

அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தது யார்? நான்தான். ஏப்ரல் மாதம் "வெயில்ல ஜாக்கிரதையா இருங்கப்பா, தலை சுத்தினா உடனே சொல்லுங்க" என்று நாலு தரம் சொன்னவன், செப்டம்பரில் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. எனக்கும் காலண்டரில் வெயில் முடிந்துபோயிருந்தது!

அப்பா ஒரு வாரத்தில் பழையபடி நடமாட ஆரம்பித்துவிட்டார். ஆனால் அந்தப் பாடம் என்னோடு நின்றுவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மே மாத வெயிலுக்கு நாம் தயாராக இருக்கிறோம். ஆவணி, புரட்டாசியில் வரும் வெயில், நாம் அசந்திருக்கும்போது வருகிறது.

மழைக்காலத்தில் ஏன் இந்த வெயில்?

பழந்தமிழர் பிரித்த ஆறு பருவங்களில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். மேகம் கறுத்து மழை பெய்யவேண்டிய காலம். ஆனால், 'புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்' என்றும் நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த மாதத்துக்கு இரண்டு முகம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காரணம் வானத்திலேயே இருக்கிறது. சூரியன் வருஷத்தில் இரண்டு முறை நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஒன்று ஏப்ரலில். இன்னொன்று, சென்னையில் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும், மதுரையில் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்திலும். ஆக, ஆவணியில் அடிக்கும் வெயில் சித்திரை வெயிலுக்கு ஒன்றும் இளைத்ததல்ல. நடுவில் மேகம் இருப்பதால்தான் தப்பிக்கிறோம். மேகம் இல்லையென்றால்?

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே ஈரத்தைக் கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி வருகிறது. கடலோர ஊர்களில் இந்த மேற்குக் காற்று பலமாக இருந்தால், மத்தியானம் வரவேண்டிய கடற்காற்றும் தாமதமாகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதோ சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில், ஐப்பசி பிறக்கும்போதுதான். அதுவரை இடைப்பட்ட காலத்தில் மழை பொய்த்தால் வெயில்தான்.

2023-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் மழை 36 சதவீதம் குறைந்தது. 1901-லிருந்து எடுத்த கணக்கில் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் அதற்குமுன் இருந்ததில்லை. அடுத்த வருஷம், 2024 செப்டம்பரில், மதுரையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. அதே வருஷம் அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. அதனால் இது 'எப்பவோ ஒரு தரம் வரும் சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

உடம்புக்கும் ஞாபக மறதி உண்டு!

நம் உடம்பின் உள்சூடு 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 ஃபாரன்ஹீட். வெளியே என்ன வெயில் அடித்தாலும் அதைக் காப்பாற்ற உடம்பு இரண்டு வேலை செய்கிறது. ரத்தத்தைத் தோலுக்கு அதிகமாக அனுப்பிச் சூட்டை வெளியே தள்ளுகிறது. வியர்வையைச் சுரந்து அதை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறக்குறைய 580 கலோரி சூடு வெளியேறும். ஆண்டவன் கொடுத்த ஏர்கூலர் இதுதான்.

மே மாதம் வெயிலில் நடமாடும்போது பத்துப் பதினான்கு நாட்களில் உடம்பு பழகிவிடுகிறது. சீக்கிரமே வியர்க்க ஆரம்பிக்கும். வியர்வையில் உப்பு வீணாகாமல் மிச்சம் பிடிக்கும். இதயத்துக்கும் சிரமம் குறையும். அக்னி நட்சத்திரத்தை 'ஜம்முனு தாண்ட' முடிவது இதனால்தான். ஆனால் இந்தப் பழக்கம் நிரந்தரமல்ல. பத்துப் பதினைந்து நாள் மேகமும் தூறலுமாக இருந்தாலோ, ஏ.சி. அறையிலேயே உட்கார்ந்திருந்தாலோ குறைய ஆரம்பித்துவிடும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். அதன்பின் திடீரென்று 100 டிகிரி வெயில் வந்தால் உடம்பு மறுபடி அரிச்சுவடியிலிருந்து படிக்கவேண்டும். அந்த முதல் ஒரு வாரம்தான் ஆபத்தானது.

காய்ந்த காற்றில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், வியர்ப்பது தெரியும். மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி உள்ளூர்களின் வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்பார்கள். வியர்த்திருக்கும், காற்று குடித்துவிட்டிருக்கும். உதடு வெடிப்பு, கண் எரிச்சல், மூக்கு காய்ந்து ரத்தம் கசிவது எல்லாம் இதன் அடையாளம்.

தாகம் சொல்வதைக் கேட்டால் போதுமா?

இளவயதில் ஓரளவு போதும். அறுபதைத் தாண்டினால் போதாது. வயது ஆக ஆக மூளையில் உள்ள தாக மணி மெதுவாகத்தான் அடிக்கிறது. உடம்பில் நீர் குறைந்த பிறகும் "தாகமே இல்லைம்மா" என்பார்கள் பெரியவர்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நிஜமாகவே தெரிவதில்லை.

அதனால் தாகத்தைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. சிறுநீரின் நிறம்! இளமஞ்சளாக, வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. நல்லெண்ணெய் மாதிரி அடர்த்தியாக இருந்தாலோ, காலையிலிருந்து ஒரு தடவைதான் போனேன் என்றாலோ, தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். (சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகலாம். பயப்படவேண்டாம்.)

எவ்வளவு குடிப்பது? வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டரை லிட்டர் வாக்கில் பொதுவாகப் போதும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் வேண்டும். மொத்தமாக ஒரு சொம்பைக் கவிழ்க்காமல், மணிக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடியுங்கள். நிறைய வியர்த்த நாளில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. மோரில் ஒரு சிட்டிகை உப்பு, சாதம் வடித்த கஞ்சியில் உப்பு, எலுமிச்சம்பழ ஜூஸில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் என்று உப்பும் உள்ளே போகவேண்டும். என் அப்பா குடித்த இரண்டு சொம்பும் வெறும் தண்ணீர் என்பதை மறந்துவிடாதீர்கள். (இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், 'தண்ணீர் இவ்வளவுதான், உப்பு இவ்வளவுதான்' என்று டாக்டர் சொல்லியிருந்தால் அந்த அளவை அவரைக் கேட்காமல் மாற்றவேண்டாம்.)

யார் யாரைக் கவனிக்கவேண்டும்?

பெரியவர்கள்: பிரான்ஸ் நாட்டில் 2003 ஆகஸ்டில் பெரும் வெப்ப அலை வந்தது. ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பலர் தனியாக இருந்தவர்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த நேரம் அது. பணக்கார நாடு, நல்ல ஆஸ்பத்திரிகள், எல்லாம் இருந்தும் தினம் ஒரு தரம் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. நம் வீடுகளிலும் இன்று பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, அப்பா அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார்கள். வெயில் அதிகமாக உள்ள நாட்களில் காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். "சாப்பிட்டீங்களா?" என்பதோடு, "தண்ணி குடிச்சீங்களா? யூரின் ஒழுங்கா போகுதா?" என்றும் கேளுங்கள். பேச்சில் குழறல், சம்பந்தமில்லாத பதில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரை உடனே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்கள்: பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் நீர் மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் சில நீரிழிவு மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள், ஜலதோஷத்துக்குத் தூக்கம் வரவைக்கும் மாத்திரை... இவை உடம்பின் நீரைக் குறைக்கலாம், அல்லது வியர்வையைத் தடுக்கலாம். "அப்படியா? நாளையிலிருந்து நிறுத்திடறேன்" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து. மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "வெயிலுக்கு இதில் ஏதாவது மாத்தணுமா?" என்று கேளுங்கள். இன்சுலினை ஸ்கூட்டர் பெட்டியிலும் காரிலும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில், மருந்தைப் பாலிதீன் உறையில் கட்டி, ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகள்: மே மாதம் லீவு, செப்டம்பரில் ஸ்கூல். காலாண்டுப் பரீட்சை, விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் பயிற்சி எல்லாம் இந்த நேரத்தில்தான். கொண்டுபோன வாட்டர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். முக்கியமாகப் பெண் குழந்தைகள். ஸ்கூல் பாத்ரூம் சுத்தமாக இல்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் அடக்கி வைத்திருந்து, நீர்க்கடுப்போடும் ஜுரத்தோடும் என்னிடம் வருகிறவர்கள் நிறைய. "ஏம்மா தண்ணி குடிக்கல?" என்று திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் பாத்ரூமைப் பற்றிக் கேளுங்கள். கேரளப் பள்ளிகளில் 2019-ல் தண்ணீர் குடிப்பதற்கென்றே 'வாட்டர் பெல்' அடிக்க ஆரம்பித்தார்கள். பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அது வந்தது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடிக்கிறார்களா, விசாரியுங்கள்.

கைக்குழந்தைகள்: ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அடிக்கடி பால் கொடுங்கள். தாய் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்.

வாசலுக்கு வருபவர்கள்: சிலிண்டர் தூக்கி வருபவர், கூரியர் பையன், வீட்டு வேலைக்கு வரும் அம்மா. இவர்களுக்கு வெயிலிலிருந்து ஒதுங்க வழியில்லை. ஒரு டம்ளர் மோரும், ஐந்து நிமிட நிழலும் கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, வைத்தியமும்கூட.

விரதமும் வெயிலும்

புரட்டாசி சனிக்கிழமை, மகாளய அமாவாசை, நவராத்திரி என்று விரதங்கள் அடுக்கி வரும் மாதம் இது. விரதம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் விரதம் சாப்பாட்டுக்கு, தண்ணீருக்கு வேண்டாம். நீர்மோர், பானகம், துளசி தீர்த்தம், பழம் எதற்கும் தடையில்லையே! கோயிலுக்கு எட்டு மணிக்குள் போய் வந்துவிடுங்கள், அல்லது சாயங்காலம் போங்கள்.

நீரிழிவுக்காரர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வெயில் மயக்கமும் சர்க்கரை தாழ்ந்த மயக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள் ஒருவேளை பலகாரத்தோடு விரதம் இருந்தால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டைக் குளிர வைப்பது எப்படி?

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறைதான் வீட்டிலேயே சூடான அறை. பகலில் வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கக்கும். வயதானவர்களை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள், கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். மாடித் தரையில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ அடித்தால் நல்ல பலன் தெரியும்.

மேற்கு ஜன்னலைப் பகலில் மூடித் திரை போடுங்கள். வெளியே இறங்குகிற மூங்கில் தட்டியோ, கூரை நிழலோ இருந்தால் இன்னும் நல்லது. சூரியன் சாய்ந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். கொசுவலை அவசியம்.

மின்விசிறிக்கு ஒரு எல்லை உண்டு. அறை ரொம்பவும் சூடாகிவிட்டால் அது சுடுகாற்றைத்தான் மேலே வீசும். அப்போது ஈரத்துண்டால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்காருங்கள். துண்டிலுள்ள ஈரம் வியர்வையின் வேலையைச் செய்யும். வறண்ட ஊர்களில் இது ஏ.சி.க்கு ஏழை வீட்டுத் தம்பி!

தண்ணீர் குறையும்போது வரும் இன்னொரு ஆபத்து

மழை பொய்த்தால் குழாயில் தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒரு தரம் என்று ஆகிவிடும். டிரம், அண்டா, குடம் என்று இருக்கிற பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைப்போம். அங்கேதான் டெங்கு கொசுவுக்குக் கல்யாணம். அது சாக்கடையைத் தேடாது. நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். "மழையே இல்லையே, டெங்கு எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் பொரிந்துவிடும். அதனால் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருநாள் தேங்காய் நார் வைத்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை என்ற கணக்கு சரியாக இருக்கும். மூடியில்லாத டிரம்மை வெள்ளை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டையும் பூந்தொட்டித் தட்டையும் மறக்கவேண்டாம்.

லாரித் தண்ணீரைக் குடிப்பதற்குப் பயன்படுத்தினால், தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள்காமாலை வருவது தண்ணீரால்தான். சிக்கனம் செய்கிறோம் என்று கை கழுவுவதைக் குறைத்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். கை கழுவச் சோப்பும் நல்ல தண்ணீரும் வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?

கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, தலைவலி, குமட்டல், எழுந்தால் கிறுகிறுப்பு, ஏராளமான வியர்வை... இது முதல் எச்சரிக்கை. நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, உப்பு சேர்த்த பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணியில் தெளியவில்லை என்றால் டாக்டரிடம் போகவேண்டும்.

உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, 104 டிகிரியைத் தொடுகிறது, கூடவே பிதற்றல், வலிப்பு, நினைவு தப்புவது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உயிருக்கே ஆபத்து. தோல் காய்ந்துதான் இருக்கும் என்பதில்லை, வியர்வையோடும் வரலாம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். தலையிலிருந்து கால்வரை தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். முதல் அரை மணி நேரத்தில் சூட்டைத் தணிப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஜுர மாத்திரை இதற்குப் பயன்படாது.

சில கேள்விகள்

மதுரைக்கு வந்துவிட்டு ஜிகர்தண்டா குடித்தால் சூடு தணியுமா?

நாக்குக்குத் தணியும்! பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்ந்த இனிப்பு அது. ஆசைக்கு ஒன்று குடிக்கலாம். நீர் நஷ்டத்தை ஈடுகட்ட மோர்தான் சரி.

இளநீர் எல்லோருக்கும் நல்லதா?

பெரும்பாலானவர்களுக்கு நல்லது. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது.

ஓ.ஆர்.எஸ். பொடி கிடைக்காவிட்டால்?

காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக்கூடாது. கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்த்துவிடவேண்டும். பழச்சுவையோடு விற்கும் இனிப்பு பானங்கள் இதற்கு ஈடாகாது.

வெயிலில் அலைந்துவிட்டு வந்ததும் குளித்தால் ஜன்னி வருமா?

வராது. உடம்பு கொதிக்கும்போது தண்ணீர் பட்டால் நல்லதுதான். குளிர்ந்த தண்ணீரில் கை, கால், முகம் கழுவி, பிறகு தாராளமாகக் குளிக்கலாம்.

காப்பி, டீ குடிக்கலாமா?

வழக்கமாகக் குடிக்கும் இரண்டு டம்ளரால் கெடுதல் இல்லை. ஆனால் தண்ணீருக்குப் பதிலாக அதையே குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

பானை எப்போது உள்ளே போகும்?

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். வைகாசி முடிந்தாலும் மண்பானை இடத்தைவிட்டு நகராது. புரட்டாசியில் அப்பா கோயிலுக்கு ஏழு மணிக்கே போய்விடுகிறார். கையில் ஒரு சின்ன பாட்டில் மோர். மாத்திரையையும் மாற்றியாகிவிட்டது. "உன் அம்மா பாட்டிலை முடிச்சியான்னு தலைகீழா கவுத்துப் பார்க்கிறாடா" என்று அலுத்துக்கொள்கிறார். அலுத்துக்கொள்ளட்டும். அந்த அலுப்பைக் கேட்க அவர் இருக்கிறாரே, அதுவே எனக்குப் போதும்.

ஐப்பசியில் வானம் கறுத்து, முதல் அடைமழை பெய்து, மண் குளிர்ந்து, ராத்திரி போர்வை தேட வைக்கும் அல்லவா? அன்றைக்குப் பானையை உள்ளே எடுத்து வைப்போம். அதுவரை, காலண்டர் என்ன சொன்னாலும், வெயில் காலம்தான்!